சட்டையோடு முடிந்த ஒத்திகை

மைக் பிடித்துப் பேசச் சொல்லித்தான் கேட்டார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறவளைத் தேடிக்கொண்டு, கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கிற சேஃப்டி ஆபீசர் ஆப்பிள் பையோடு வாசலில் வந்து நின்றார். என் மகனைவிடச் சின்ன வயது.

"பாதுகாப்பு வாரத்துல நீங்க பேசணும் மேடம். அந்த ஷவர் சம்பவத்தை உங்க வாயால சொன்னா, புதுசா சேந்த பொண்ணுங்களுக்கு மனசுல நிக்கும்" என்றார்.

என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு மைக் ஒன்றும் பயமில்லை. ஒரு கொட்டகை நிறையப் பெண்களை வெறும் குரலை வைத்தே வேலை வாங்கியவள் நான். ஆனாலும் உடனே சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

"கேட்டுச் சொல்றேன் தம்பி."

"யாரைக் கேக்கணும்? ஜி.எம். கிட்ட நானே சொல்லிட்டேனே."

"கேக்க வேண்டிய ஆளு வேற" என்றேன்.

அது 2010இல். அன்றைக்கு நான் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பதைச் சங்கத்து மலரில் எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். நான் முதியோர் பள்ளியில் எழுத்துக் கூட்டப் படித்தவள். என் எழுத்து வரப்பு மாதிரி வளைந்து போகும். மகன் பிழை திருத்தித் தருகிறான். பிழையை மட்டும் திருத்து, என் வார்த்தையில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் கம்பெனி பழனிசெட்டிபட்டியைத் தாண்டி, வாய்க்காலை ஒட்டி உள்ளே போகிற ரோட்டில் இருக்கிறது. பெயர் வேண்டாம். மயில்துத்தம் தயார் செய்கிற இடம் என்றால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பழைய செம்புக் கம்பிகளை ஆசிட்டில் கரைத்து, அந்தச் சுடுதண்ணீரைத் தொட்டியில் ஆறவிட்டால் நீலக் கற்கண்டாகக் கட்டி நிற்கும். அதை அள்ளி, உலர்த்தி, சலித்து, மூட்டை பிடிக்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடி இருக்கிற வரைக்கும் துத்தத்துக்கு விற்பனை உண்டு. சுண்ணாம்போடு கலந்து கொடிக்கு அடிப்பார்கள்.

வீட்டுக்காரர் போன மறு வருடம், 1996இல், சலிக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். தூசி மூக்கில் ஏறி முதல் மாதம் பூராவும் தும்மினேன். பிறகு பழகிவிட்டது. வேலை பழகியது, அடுத்தவளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் வந்தது, மேஸ்திரி ஆக்கினார்கள். அந்தக் கதையில் சொல்ல வேறொன்றும் இல்லை. நகக்கண்ணில் நீலம் ஏறினால் இறங்காது. கல்யாண வீட்டுப் பந்தியில் எங்கள் பெண்கள் இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். நான் மட்டும் வைக்க மாட்டேன். உழைத்த கைதானே, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று இருப்பேன். வெட்கம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாமோதரன் சார் சேஃப்டி ஆபீசராக வந்த பிறகுதான் கம்பெனிக்கு ஒரு ஒழுங்கு வந்தது. தூத்துக்குடிப் பக்கம் பெரிய கம்பெனியில் இருந்தவர். ஒல்லியான ஆள். குரலை உயர்த்தவே மாட்டார். தொழிலாளிப் பெண்களை 'நீங்க' என்று சொன்ன ஆபீசரை நாங்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

காலையில் முதல் வேலையாக வாய்க்கால் பக்கம் போவார். கம்பெனித் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து, நீலத்தை அடியில் சேறாக இறக்கி, தெளிந்ததைத்தான் வெளியே விட வேண்டும். அது வெளியே விழுகிற இடத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் பிடிப்பார். வெள்ளையில் பிடித்தால் ஒரு சொட்டு நீலம் இருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு நாள் மழையைச் சாக்கு வைத்துச் சுண்ணாம்புத் தொட்டி ஆள் கலக்காமலே திறந்துவிட்டான். சார் திட்டவில்லை. கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தார். அவன் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே வைக்கச் சொல்வார் என்று பார்க்கிறான், சார் சொல்லவே இல்லை. தொட்டி தெளிகிற வரைக்கும் அவன் அந்தக் கிண்ணத்தோடு மழையில் நின்றான். அதற்குப் பிறகு அவன் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

அடுத்தது ஷவர். ஆசிட் மேலே பட்டால் ஓடிப்போய் நிற்பதற்கு முற்றத்தில் ஒரு பெரிய குழாய். சங்கிலியை இழுத்தால் மேலிருந்து அருவி மாதிரி கொட்டும். அதைத் தினமும் தானே இழுத்துப் பார்ப்பார். துருத் தண்ணீர் போய் நல்ல தண்ணீர் வருகிற வரைக்கும் விடுவார். பிறகு எங்கள் கொட்டகைக்கு வந்து யாராவது ஒருத்தியைப் பார்த்து, "இப்ப உங்க மேல ஆசிட் பட்டா எந்தப் பக்கம் ஓடுவீங்க?" என்பார். அவள் தலையைத் திருப்பாமல் விரலை நீட்டிக் காட்ட வேண்டும். கண்ணில் ஆசிட் பட்டவளுக்குக் கண் தெரியாதே, அதற்காக. எங்கள் பெண்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஷவர் இருக்கிற திசையைக் காட்டுவார்கள்.

மாதத்துக்கு ஒரு முறை டிரில் என்று ஒத்திகை நடக்கும். ஒருத்தி மேல் ஆசிட் பட்டுவிட்டதாக வைத்துக்கொண்டு அவள் ஓட வேண்டும், சங்கிலியைத் தொட வேண்டும், துணியைக் கழற்ற வேண்டும். துணி என்ற வார்த்தை வந்ததும் கொட்டகை முழுக்கச் சிரிப்பாகிவிடும்.

"சார் எந்தத் துணியச் சொல்லுறாக?" என்று ஒருத்தி என் காதில் கேட்பாள், சாருக்கும் கேட்கிற மாதிரி.

"போடி, ஒன் மாமியா துணிய" என்பேன்.

சார் முகத்தைத் தரையில் வைத்துக்கொண்டு, "எல்லாத் துணியும்" என்பார். அவர் காது சிவந்துபோகும். முற்றத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற ஆண்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். சேலை மேல் தூசி படாமல் இருக்க நாங்கள் எல்லோரும் ஆண்பிள்ளை முழுக்கைச் சட்டை ஒன்றை மேலே போட்டிருப்போம். டிரில்லில் அந்தச் சட்டையைக் கழற்றிக் கீழே போடுவார்கள். உடனே நான் இரண்டு கையையும் தட்டி, "முடிஞ்சுது, வேலையப் பாருங்கடி" என்பேன். சாரும் சரி என்று போய்விடுவார். அவருக்கும் அதற்கு மேல் கேட்கக் கூச்சம், எங்களுக்கும் காட்டக் கூச்சம். வருடக்கணக்காக டிரில் சட்டையோடு முடிந்தது.

இனிமேல்தான் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வள்ளி என்று வைத்துக்கொள்கிறேன். அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. கல்யாணமாகி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். கைவேலை சுத்தம். வாய் கொஞ்சம் நீளம். "மேஸ்திரியக்கா நடந்தா துத்தத் தொட்டியும் எந்திரிச்சு நிக்கும்" என்று என்னைக் கேலி செய்கிற தைரியம் அவளுக்குத்தான் உண்டு. புருஷனும் எங்கள் கம்பெனியில்தான் லாரிக்கு மூட்டை ஏற்றினான்.

ஒரு தை மாதம் பெரிய ஆபீசர்கள் பார்வைக்கு வருகிறார்கள் என்று கம்பெனி முழுக்கப் பெயிண்ட் அடித்தார்கள். ஆசிட் பைப்பில் இரண்டு துண்டு சேருகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி கட்டியிருக்கும். இணைப்பு விட்டுப்போனாலும் ஆசிட் பீய்ச்சாமல் கீழே வடியும். பெயிண்ட் அடிப்பவன் அந்த மூடியை அவிழ்த்து வைத்தான். பெயிண்ட் காயட்டும் என்று திரும்பக் கட்டவில்லை. பாதுகாப்பைக் காட்டுவதற்காக அடித்த பெயிண்ட் அது. அதற்கு நேர் கீழே தரை கழுவ வள்ளியை அனுப்பியது நான்தான். தரையும் பளிச்சென்று இருக்க வேண்டுமே.

இணைப்பு விட்டுப்போன சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவள் ஓடுவதைத்தான் பார்த்தேன். நேராக ஷவருக்கு, ஒரு அடி கூடத் தப்பாமல் ஓடினாள். சங்கிலியை இழுத்தாள். தண்ணீர் கொட்டுகிறது. சட்டையைக் கழற்றி வீசினாள். நான் போய்ச் சேரும்போது, தண்ணீருக்குள் இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"ஆச்சுக்கா, கழட்டிட்டேன்" என்றாள்.

இடுப்பைப் பார்த்தேன். சேலையில் ஆசிட் பட்ட இடமெல்லாம் கறுத்துக்கொண்டு வருகிறது. கொசுவம் சொருகியிருக்கிற இடத்தில் துணி மடிப்பு மடிப்பாக இருக்கிறது அல்லவா, அங்கே ஊறி நிற்கிறது. தண்ணீர் மேலோடு வழிந்து போகிறதே தவிர மடிப்புக்குள் இறங்கவில்லை. அதற்கும் உள்ளே பாவாடை. அதற்கும் உள்ளே அவள் வயிறு.

"சேலைய அவுருடி!"

"மாட்டேன். ஆம்பளைக நிக்கிறாகக்கா."

"நிக்கட்டும், அவுரு!"

"அக்கா, வேணாம்க்கா. எரியல எனக்கு."

எரியவில்லை என்று சொல்கிறாள், பல் கிட்டுகிறது. நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். சேலை கையோடு கிழிந்து வந்தது. பாவாடை நாடா முடிச்சை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நனைந்த முடிச்சு அவிழாது. மூட்டைச் சணல் அறுக்கிற கத்தி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். அதை எடுத்தேன். அவள் குனிந்து என் முன்கையில் கடித்தாள். நான் விடவில்லை. நாடாவை அறுத்தேன். ரவிக்கையையும் அறுத்தேன். பட்டப்பகலில், லாரி நிற்கிற முற்றத்தின் நடுவில், அந்தப் பிள்ளையைப் பிறந்த மேனியாக நிறுத்தினேன்.

அப்போதுதான் தாமோதரன் சார் கத்தியதை முதலும் கடைசியுமாகக் கேட்டேன். "எல்லாரும் திரும்புங்கடா!" என்றார். ஆண்கள் திரும்பினார்கள். சாரும் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கேட்டார்.

"துணி எல்லாம் போயிருச்சா?"

"போயிருச்சு சார்."

"எல்லாமேவா? எனக்காகச் சொல்லாதீங்க."

"ஒண்ணும் இல்ல சார், மேல."

"அப்ப நான் சொல்ற வரைக்கும் தண்ணியை விட்டு வெளிய விடாதீங்க. அவங்க அழுதாலும் விடாதீங்க."

கால்மணி நேரம் நிற்க வேண்டும் என்பது விதி. தை மாதத் தண்ணீர், மலைக் காற்று வேறு. அவள் தரையில் சுருண்டு உட்காரப் பார்த்தாள். நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். "விடு ஆத்தா, விடு ஆத்தா" என்றாள். பிறகு அதையும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். என் மேலும் அதே தண்ணீர்தான் கொட்டியது. எனக்குக் குளிரவில்லை. கொட்டகைப் பெண்கள் புதுப் போர்வையோடு ஓடி வந்தார்கள். சார் சொன்ன பிறகு அதைச் சுற்றித் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

வயிற்றிலும் இடது தொடையிலும் தோல் வெந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் துணியோடு நின்றிருந்தால் தோலோடு போயிருக்காது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அந்தப் பெருமையோடு கட்டில் பக்கம் போனேன். வள்ளி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை.

புருஷன் அன்றைக்கு லோடு ஏற்ற வரவில்லை. நடந்ததை டீக்கடையில் வைத்து மற்றவர்கள் வாயால்தான் கேட்டிருக்கிறான். "ஏலே, நாங்க திரும்பித்தான்டா நின்னோம், நம்பு" என்று ஒருவன் சொல்லி, மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அவன் நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"ஒரு சாக்க எடுத்து மூடக்கூடவா ஒங்களுக்குக் கை இல்ல?"

"மூடுனா வெந்துருவாப்பா."

"வெந்தா என் வீட்டுக்குள்ள வெந்திருப்பா. இப்ப ஊருக்குள்ள வேகுறா."

வேறு நாளாக இருந்தால் அவனை நான் வாசலிலேயே நாலு கேட்டிருப்பேன். அவன் கண் கலங்கியிருந்தது. அவள் உடம்பு தேறியதும் இருவரும் அவளுடைய தாய் ஊரான பண்ணைப்புரத்துக்கே போய்விட்டார்கள். வேலைக்கு வரவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை. நாளைக்குப் போகலாம், பொங்கல் கழியட்டும், மழை நிற்கட்டும் என்று தள்ளித் தள்ளி வருடங்களே போய்விட்டன.

அடுத்த பாதுகாப்பு வாரத்தில் பந்தல் போட்டு என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சார் வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னாராம், கேட்கவில்லை. மைக்கில் ஒருவர் வாசித்தார்: "கூச்சத்தால் ஆடையைக் களைய மறுத்த சக பெண் தொழிலாளியை..." பின் வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். சிரிப்பு எழுந்தது. அவள் பெயரையும் சொன்னார்கள். அவள் ஊரையும் சொன்னார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அங்கே ஒருத்தியைத் துணி இல்லாமல் மறுபடி நிறுத்திவிட்டு எனக்கு மேலே ஒரு துணி. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். அந்தப் போட்டோ கம்பெனி வரவேற்பறையில் வெகு நாள் தொங்கியது. அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் நான் பின்வாசல் வழியாகச் சுற்றிப் போவேன்.

அதன் பிறகு தாமோதரன் சார் ஷவரைச் சுற்றி மூன்று பக்கம் சுவர் எழுப்பினார். நாலாவது பக்கம் கனமான பிளாஸ்டிக் திரை. கதவு போடலாமே என்று கொத்தனார் கேட்டதற்கு, "கதவு போட்டா தாழ்ப்பாள் வரும். தாழ்ப்பாள் வந்தா ஒரு நாள் திறக்காது" என்றார். உள்ளே ஆணியில் புது நைட்டிகளை மாட்டி வைத்தார். அவ்வளவு கூச்சக்காரர், அதை வாங்கக் கடைக்குத் தானே போய் நின்றாராம்.

சுவர் வந்த பிறகும் டிரில்லில் பெண்கள் சட்டையோடுதான் நின்றார்கள். ஆண்கள் யாரும் இல்லை, திரை வேறு மூடியிருக்கிறது, ஆனாலும் கை வரவில்லை. "நான் அவுக்குறேன், பாருங்கடி" என்று ஷவருக்கடியில் போய் நின்றேன். சேலை, பாவாடை எல்லாவற்றையும் கழற்றினேன். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. முதலில் சிரித்தவர்கள் சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள். கொசுவத்தை முதலில் உருவ வேண்டும், நாடா அவிழாவிட்டால் அறுக்க வேண்டும் என்று தண்ணீருக்குள் நின்றபடி சொல்லிக் கொடுத்தேன். அன்று முதல் சட்டையோடு டிரில் முடியவில்லை. வள்ளிக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டதாக நினைத்தேன். அது பொய். எனக்குச் சுவர் இருந்தது.

சார் வேறு ஊர் போனார், நானும் ஓய்வு பெற்றேன். கதை மட்டும் கம்பெனியிலேயே இருந்தது. வருடா வருடம் புதுப் பெண்களுக்குச் சொல்லப்பட்டது. சொன்னதால் யாராவது ஒருத்தி பிழைப்பாள் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் ஆப்பிள் பையோடு வந்த தம்பியிடம் ஒரேயடியாக முடியாது என்றும் சொல்லவில்லை. பெயரையாவது விட்டுவிடலாமே என்று கேட்டுப் பார்த்தேன்.

"பேர் சொன்னாத்தான் மேடம் உண்மைச் சம்பவம்னு நம்புவாங்க."

மறுநாள் தேவாரம் பஸ்ஸில் ஏறி, பண்ணைப்புரத்தில் இறங்கினேன். விசாரித்துக்கொண்டு போனால், குத்தகைக் காட்டில் வெங்காயத் தாளை அரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்சம் பருத்திருந்தாள். புருஷன் கொஞ்சம் தள்ளி மோட்டார் ரூம் பக்கம் நின்றான். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான்.

"யாரு, மேஸ்திரியா?" என்றாள். அக்கா இல்லை. மேஸ்திரி.

"ஆமாத்தா. நல்லாருக்கியா?"

"இருக்கேன்." ஒரு சாக்கை என் பக்கம் தள்ளிவிட்டாள், உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன். வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் அரிவதை நிறுத்தவில்லை.

"வருசா வருசம் சொல்லுறாகன்னு தெரியும். எங்க நாத்தனா மக ஒரு வருசம் அங்கன வேலைக்கு வந்தா. கூச்சப்பட்டுக்கிட்டு துணிய அவுக்காம நின்ன ஒரு பொம்பளன்னு சொன்னாகளாம். அது எங்க அத்தைதான்னு இவ வாயத் திறக்கல. வீட்டுக்கு வந்து அழுதா."

"நான் அதத்தான்..."

"இருங்க. நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க. நான் கூச்சப்பட்டா நின்னேன்?" அரிவாளைக் கீழே வைத்தாள். "ஆசிட் பட்டா ஓடுன்னாக, ஓடுனேன். இழுன்னாக, இழுத்தேன். கழட்டுன்னாக, கழட்டுனேன். டிரில்லுல சட்டையக் கழட்டுனா யாரு கைதட்டி முடிஞ்சுதும்பாக? நீங்கதான். அன்னைக்கு நான் ஒங்க கைதட்டுக்குத்தான் நின்னேன் மேஸ்திரி. நீங்க தட்டுவீகன்னு பாத்தா, கத்திய எடுத்துட்டு வாறீக."

வெயில் சுள்ளென்று அடித்தது. நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவரை, அவளைத் துணி இல்லாமல் நிறுத்தியதற்காக வெட்கப்பட்டேன், மேடையில் சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். அவள் மறுத்தாள், நாங்கள் காப்பாற்றினோம் என்ற கதையே தப்பு என்று இத்தனை வருடத்தில் ஒரு நாள் கூட எனக்குத் தோன்றவில்லை. அவள் ஒன்றையும் மறுக்கவில்லை. நாங்கள் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

"நான் பேச மாட்டேன்த்தா. முடியாதுன்னு சொல்லிருறேன்" என்றேன்.

"நீங்க பேசலன்னா வேற ஆளு பேசும். அதே கதையத்தான் பேசும்." அரிவாளை மறுபடி எடுத்தாள். "புதுசா பொம்பளப் பிள்ளைக நிறையச் சேந்திருக்காகளா?"

"சேந்திருக்காக."

"நானே வாறேன். மைக்கு கூடாது. ஆம்பளை ஒருத்தன் இருக்கக் கூடாது. எம் பேர நான்தான் சொல்லணும், தோணுனாச் சொல்லுவேன்."

மோட்டார் ரூமைப் பார்த்தாள். புருஷன் வெளியே வந்து நின்றிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும். "காலைல மொத பஸ்ஸுலயே போயிரு. வெயிலுக்கு முன்னால" என்றான் வள்ளியிடம்.

பந்தலில் வழக்கம்போல விழா நடந்தது. அது முடிந்த பிறகு கேன்டீனில் புதுப் பெண்களை மட்டும் உட்கார வைத்தோம். அந்தத் தம்பி கதவோரம் நின்றார்.

"சார், நீங்களும் வெளிய" என்றாள் வள்ளி.

"நான் சேஃப்டி ஆபீசர்மா..."

"அதான் சொல்றேன். சேஃப்டியா வெளிய நில்லுங்க."

பெண்கள் சிரித்தார்கள். அவர் போனார். வள்ளி முன்னால் வந்து நின்றாள். நான் பெண்களோடு தரையில் உட்கார்ந்தேன். என்னிடம் சொன்னதையே சொன்னாள், இன்னும் விரிவாக. ஓடியதை, சட்டையை, என் கைதட்டலை, கடித்ததை. கடித்ததைச் சொல்லும்போது கையைக் காட்டச் சொன்னாள். நீட்டினேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சால்வை மேடையில் தலை நிமிர்த்தி நின்ற நான், இந்தத் தரையில் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கடைசி வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். நகத்தில் இன்னும் நீலம் ஏறாத பிள்ளை.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? இந்தம்மா மேல ஒங்களுக்குக் கோவம் இல்லையா?"

வள்ளி யோசிக்கவே இல்லை.

"இருக்கு" என்றாள். "இவுக இல்லன்னா நான் இல்ல, அதுவும் நெசம். ஒங்களுக்கு ஒண்ணு ஆனா, இவுக மாதிரி ஒருத்தி பக்கத்துல இருக்கட்டும்னுதான் கேட்டுக்குவேன். ஆனா கோவம் இருக்கு. அது போகாது."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பழக்கம் விடவில்லை. கூட்டத்தில் என் பேச்சு வந்தால் எழுந்து ஏதாவது சொல்லித்தான் எனக்கு வழக்கம். முழங்காலில் கை ஊன்றி எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க மேஸ்திரி" என்றாள் வள்ளி. "நான் இன்னும் முடிக்கல."

உட்கார்ந்தேன்.